பத்து லட்சத்தைத் தாண்டினால் ஐம்பதாயிரம் அபராதமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில், குடும்பத்துக்கு ஏற்ற எஸ்.யூ.வி. எது என்று வந்த கட்டுரையை வாசித்தேன். எஞ்சின், மைலேஜ், தொடுதிரை எத்தனை அங்குலம், கூரைக் கண்ணாடி திறக்குமா என்பது வரை எல்லாம் இருந்தது. விலை மட்டும் எக்ஸ் ஷோரூம் விலை. அதற்குக் கீழே பொடி எழுத்தில் "வரி, காப்பீடு தனி" என்று ஒரு வரி. அந்தப் பொடி எழுத்து எங்கள் வீட்டுக் கணக்கில் இரண்டு லட்சம் ரூபாயைத் தொடுகிறது. அதிலும், வண்டி விலை பத்து லட்சத்தைத் தாண்டியதும் தமிழ்நாட்டின் சாலை வரி துள்ளிக் குதிக்கும் விதத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் தக்கலைப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் ஆசிரியை. கணவர் மஸ்கட்டில் இருக்கிறார். பழைய சின்னக் காரைக் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் உயரமான வண்டியாக எடுப்போம் என்று முடிவானதும், எதை எடுப்பது, எவ்வளவுக்கு எடுப்பது என்று பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. உயரம் கேட்டது பகட்டுக்காக அல்ல. மாமனாருக்கு மூட்டு வலி. தாழ்வான சீட்டில் உட்காரவைத்தால் எழுப்ப இரண்டு பேர் வேண்டும். அப்புறம், எங்கள் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. சானல் கரைச் சாலையில் தண்ணீர் நிற்கும்போது குழி எது, ரோடு எது என்று தெரியாது. பழைய வண்டியின் அடிவயிறு தரையில் உரசும் சத்தத்துக்கு நான் பழகிவிட்டேன், மாமியார் பழகவில்லை.

ஆனால் உயரம் கூடினால் நீளமும் கூடக் கூடாது. எங்கள் வீட்டுக்கு வரும் முடுக்கு ஏழரை அடி அகலம், இரண்டு பக்கமும் காம்பவுண்ட் சுவர், நடுவில் ஒரு திருப்பம். இந்த மாவட்டத்தில் பாதி வீடுகளுக்கு வழி இப்படித்தான். அதனால் நான்கு மீட்டருக்குள் அடங்கும் வண்டிகளை மட்டும் பார்க்கத் தொடங்கினேன். அங்கே ஒரு வேடிக்கை தெரிந்தது. நெக்ஸான் 3,995 மில்லிமீட்டர் நீளம், 1,804 மில்லிமீட்டர் அகலம். கிரெட்டா 4,330 நீளம், ஆனால் அகலம் 1,790தான். சின்ன வண்டி என்று நாம் நினைப்பது அகலத்தில் ஒரு விரல்கடை கூடுதல். திருப்பத்தில் நீளம் உதவும், சுவருக்கும் சுவருக்கும் நடுவில் அகலம்தான் கணக்கு. இந்த அளவிலும் பக்கக் கண்ணாடிகள் சேராது. முடுக்கில் வீடு வைத்திருப்பவர்கள் டேப்பை எடுத்து அளந்துவிட்டு ஷோரூமுக்குப் போவது நல்லது.

இந்த நான்கு மீட்டர் எங்கிருந்து வந்தது என்பது பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் கதை. 2006-ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் சின்னக் கார்களுக்கான உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார்கள். சின்னக் கார் என்றால் நீளம் நான்கு மீட்டருக்குள், எஞ்சின் பெட்ரோல் என்றால் 1,200 சிசிக்குள், டீசல் என்றால் 1,500 சிசிக்குள். அதிலிருந்துதான் நம் நாட்டில் வண்டிகளின் பின்பக்கம் வெட்டிவிட்ட மாதிரி நிற்கத் தொடங்கியது. டிசைனர் வரைந்தது பாதி, நிதி அமைச்சகம் வரைந்தது மீதி.

ஜி.எஸ்.டி. வந்த பிறகும் அதே கோடுதான். 2025 செப்டம்பர் 22 முதல் அந்தக் கோட்டுக்கு உள்ளே இருக்கும் வண்டிக்கு 18 சதவீதம், வெளியே இருந்தால் 40. அதற்கு முன்னால் செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்துச் சின்ன பெட்ரோல் வண்டிக்கு 29, சின்ன டீசலுக்கு 31, பெரியவற்றுக்கு 45 முதல் 50 வரை இருந்தது. நீளம் மட்டும் குறைந்தால் போதாது என்பதையும் கவனிக்க வேண்டும். பிரெஸ்ஸாவும் 3,995 மில்லிமீட்டர்தான். ஆனால் அதன் பெட்ரோல் எஞ்சின் 1,462 சிசி. அதனால் அது 40 சதவீதக் கூட்டத்தில் சேர்ந்துவிடுகிறது. 1,199 சிசி நெக்ஸான் பெட்ரோலுக்கு 18. பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினால் ஒரே அளவு, வரி இரண்டு மடங்குக்கு மேல். ஒன்றை விட மற்றது நல்லது என்று நான் சொல்லவில்லை. விலைப்பட்டியல் ஏன் அப்படி இருக்கிறது என்பது வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும்.

இது வரை டெல்லி. இனி சென்னை.

தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் கார்களுக்கான ஆயுள்கால சாலை வரியை மாற்றினார்கள். ஐந்து லட்சம் வரை 12 சதவீதம், ஐந்து முதல் பத்து லட்சம் வரை 13, பத்து முதல் இருபது வரை 18, அதற்கு மேல் 20. முன்பு பத்து லட்சம் வரை 10, அதற்கு மேல் 15 என்று இருந்தது. விகிதம் கூடியது பற்றி நான் சண்டை போட வரவில்லை. ரோடு வேண்டுமென்றால் பணம் வேண்டும். என் சண்டை இந்த வரியைக் கணக்குப் போடும் விதத்தோடு.

வருமான வரியில் ஒருவர் அடுத்த அடுக்குக்குப் போனால், அந்த அடுக்குக்குள் வரும் தொகைக்கு மட்டும்தான் கூடிய விகிதம். சாலை வரியில் அப்படி இல்லை. பத்து லட்சத்தைத் தாண்டிய மறு ரூபாயில், முதல் ரூபாயிலிருந்தே 18 சதவீதம். ஷோரூம் விலை 9,99,000 என்றால் வரி 1,29,870. விலை 10,01,000 என்றால் வரி 1,80,180. வண்டியின் விலை கூடியது இரண்டாயிரம். வரி கூடியது ஐம்பதாயிரத்து முந்நூற்றுப் பத்து. இதை வகுப்பில் கரும்பலகையில் எழுதினேன். பின் பெஞ்சில் இருந்து ஒரு பையன், "டீச்சர், அப்போ ரெண்டாயிரத்தைக் கடைக்காரன்கிட்ட குறைக்கச் சொன்னா போதுமே" என்றான். பரீட்சையில் அவனுக்கு மார்க் வராது, வியாபாரத்தில் நன்றாக வருவான்.

இதே பத்து லட்சத்தில் இன்னொரு வாசலும் இருக்கிறது. வண்டியின் விலை பத்து லட்சத்தைத் தாண்டினால் வருமான வரிச் சட்டப்படி விற்பவர் ஒரு சதவீதம் டி.சி.எஸ்., அதாவது வாங்குகிறவரின் வருமான வரிக் கணக்கில் சேரும் முன்பணம், பிடிக்க வேண்டும். அதுவும் முழு விலைக்கு, தாண்டிய தொகைக்கு மட்டுமல்ல. இது திரும்பக் கிடைக்கும் பணம். ரிட்டர்ன் போடும்போது வரியில் கழித்துக்கொள்ளலாம், வரியே இல்லையென்றால் ரீஃபண்ட் கேட்கலாம். ஆனால் ரிட்டர்ன் போட வேண்டும். அப்பா பெயரில், அம்மா பெயரில் வண்டியைப் பதிவு செய்துவிட்டு இதை மறந்துபோகும் வீடுகள் எத்தனையோ. ஷோரூமில் இதைச் சொல்லித் தருகிறவர்களும் உண்டு, மற்ற செலவுகளோடு சேர்த்து ஒரே வரியில் எழுதித் தருகிறவர்களும் உண்டு.

நாகர்கோவிலில் ஒரு ஷோரூமில் நடந்ததைச் சொல்கிறேன். நான் பார்த்துவைத்த வகை 9,99,000. விற்பனைப் பையன் நல்ல பிள்ளை, பேச்சில் கெட்டி. "டீச்சர், இதுக்கு மேல உள்ளது ஐம்பதாயிரம்தான் கூட. சன்ரூஃப் வரும், ரிவர்ஸ் கேமரா வரும். ஏழு வருசத் தவணையில பாத்தா மாசம் எண்ணூறு ரூவா. ஒரு ஓட்டல் சாப்பாடு" என்றார். கூட வந்த மகள் அதற்குள் கூரைக் கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டத் தயாராகிவிட்டாள். நான் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். விலை வித்தியாசம் 50,000. சாலை வரி 1,29,870-லிருந்து 1,88,820 ஆகிறது, அதில் வித்தியாசம் 58,950. டி.சி.எஸ். 10,490. ஆக மொத்தம் 1,19,440. அந்த ஏழு வருடத் தவணையில் மாதம் எண்ணூறு அல்ல, ஆயிரத்துத் தொள்ளாயிரம். பையன் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "அது கவர்மென்ட் வாங்குறது டீச்சர்" என்றார். உண்மைதான். ஆனால் கொடுப்பது நான்.

சன்ரூஃபைப் பற்றி ஒரு வார்த்தை. வருடத்தில் பாதி நாள் மழை, மீதி நாள் உச்சி வெயில் உள்ள ஊரில் கூரையைத் திறந்துவைத்து யார் எங்கே போகிறார்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. மகளுக்குப் புரிகிறது.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். செப்டம்பர் 2025-க்கு முன்னால் 10,90,000 விலையில் இருந்த ஒரு சின்ன பெட்ரோல் வண்டி, வரி 29-லிருந்து 18 ஆனதும் சுமார் 9,97,000-க்கு இறங்கியிருக்கும். விலையில் மிச்சம் 93,000. பத்து லட்சக் கோட்டுக்கு உள்ளே வந்துவிட்டதால் சாலை வரியில் இன்னும் சுமார் 66,600 மிச்சம். மத்திய அரசு குறைத்ததைப் பற்றி எல்லாப் பத்திரிகையும் எழுதின. அதனால் மாநில வரியில் விழுந்த இந்த இரண்டாவது மிச்சத்தைப் பற்றி நான் எங்கும் வாசிக்கவில்லை. பத்து லட்சத்துக்குச் சற்று மேலே நின்ற வண்டிகளுக்குத்தான் இந்த யோகம். பதினொன்றரை லட்சத்தில் நின்ற வண்டிக்கு இல்லை.

மைனியின் வீடு பாறசாலையில். களியக்காவிளை தாண்டினால் கேரளம். "எங்க அட்ரஸ்ல எடுத்திரு, கே.எல். நம்பர் போட்டு ஓட்டு" என்று மைனி ஆசையாகத்தான் சொன்னார்கள். இந்தப் பக்கத்தில் பலருக்கு வரும் யோசனைதான் இது, புதுச்சேரி நம்பரைப் பற்றியும் அப்படிப் பேசுவார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 40-ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்றால், உரிமையாளர் வசிக்கும் இடத்தில் அல்லது தொழில் செய்யும் இடத்தில், வண்டி வழக்கமாக நிற்கும் இடத்தில்தான் பதிவு செய்ய வேண்டும். வெளி மாநில வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் 47-ஆம் பிரிவுப்படி இங்கே மறுபதிவு, இங்கே வரி. தினமும் தக்கலையில் பள்ளி வாசலில் நிற்கும் டீச்சரின் வண்டி பாறசாலையில் குடியிருக்கிறது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? குறுக்கு வழி வேண்டாம். இருக்கும் வழியைச் சரிசெய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

காப்பீட்டுக்கு வருவோம். நம் வண்டியால் மற்றவருக்கு நேரும் சேதத்துக்கான மூன்றாம் நபர் காப்பீட்டைப் புதுக் காருக்கு மூன்று வருடத்துக்குச் சேர்த்து எடுக்க வேண்டும் என்பது 2018 செப்டம்பரிலிருந்து கட்டாயம். அதன் பிரீமியத்தைக் கடைக்காரர் தீர்மானிப்பதில்லை. 2022 ஜூனில் அறிவித்த கட்டணப்படி 1,000 சிசிக்குள் 6,521 ரூபாய், 1,500 சிசி வரை 10,640, அதற்கு மேல் 24,596. ஜி.எஸ்.டி. தனி. பேரம் பேச இடம் இருப்பது நம் வண்டிக்கே எடுக்கும் சொந்தச் சேதக் காப்பீட்டில்தான். எனக்கு முதலில் கொடுத்த தாளில் இருந்த தொகைக்கும், அதே காப்பீட்டை நானே தேடிப் பார்த்தபோது கிடைத்த தொகைக்கும் பன்னிரண்டாயிரம் ரூபாய் வித்தியாசம். ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அதைச் சொன்னதும் அவர்களே இறங்கி வந்தார்கள். உரிமையாளருக்கான பதினைந்து லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு ஏற்கெனவே வேறு வண்டிக்கு எடுத்திருந்தால் இரண்டாவது தடவை எடுக்க வேண்டியதில்லை. அதே தாளில் "ஹேண்ட்லிங்" என்று சில ஆயிரம் ரூபாய் இருந்தது. எதைக் கையாளுகிறீர்கள், ரசீது தருவீர்களா என்று கேட்டேன். அடுத்த தாளில் அந்த வரியைக் காணோம்.

டீசலா பெட்ரோலா என்பதில் எங்கள் வீட்டில் பெரிய விவாதம். மாமனாருக்கு டீசல்தான் வண்டி. இப்போது வரும், பி.எஸ். 6 என்ற புகை விதிப்படி செய்த டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் ஒரு வடிகட்டி இருக்கிறது. அது சூடாகித் தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள, வண்டி கொஞ்ச நேரம் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். என் ஓட்டம் வீட்டிலிருந்து பள்ளி, பள்ளியிலிருந்து கடை, கடையிலிருந்து வீடு. மார்த்தாண்டம் பக்கம் போனால் வண்டி ஓடுவதை விட நிற்பதுதான் அதிகம். அப்படி ஓட்டினால் வடிகட்டி அடைத்துக்கொண்டு விளக்கு எரியும். திருநெல்வேலி, மதுரை என்று அடிக்கடி போகிறவர்களுக்கு டீசல் சரி. எனக்குப் பெட்ரோல் போதும் என்று முடித்தேன். மாமனார் இன்னும் முடிக்கவில்லை.

சோதனை ஓட்டத்துக்கு வடசேரி பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக் காட்டிவிட்டுக் கூட்டிவந்துவிடுவார்கள். ஆரல்வாய்மொழி வரை போக வேண்டும் என்று அடம்பிடித்தேன். காற்றாலைகள் நிற்கும் முப்பந்தல் கணவாயில் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போதுதான் உயரமான வண்டியின் குணம் தெரியும். ஒரு வண்டியை அங்கேயே வேண்டாம் என்று முடிவு செய்தேன். பெயர் சொல்ல மாட்டேன், அடுத்தவருக்கு அது பிடிக்கலாம். மோதல் சோதனை நட்சத்திரத்தையும் பார்த்தேன். நம் நாட்டின் மோதல் சோதனைத் திட்டமான பாரத் என்கேப் 2023 அக்டோபரில் தொடங்கிய பிறகு இது சுலபமாகிவிட்டது. ஆனால் அந்தச் சோதனை கட்டாயம் அல்ல, கம்பெனி விரும்பினால்தான் அனுப்பும். நட்சத்திரம் இல்லாத வண்டி மோசமானது என்று அர்த்தமில்லை, சோதிக்கவில்லை என்று மட்டும் அர்த்தம். நெக்ஸான், எக்ஸ்.யூ.வி. 3எக்ஸ்ஓ, கைலாக் மூன்றும் ஐந்து நட்சத்திரம் வாங்கியவை. இதைத் தங்கள் கட்டுரையில் ஒரு வரியாவது சேர்த்திருக்கலாம். திரை எத்தனை அங்குலம் என்பதற்கு இடம் கிடைத்ததே.

கடனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எட்டு லட்சத்தை 9 சதவீத வட்டிக்கு ஏழு வருடத்துக்கு எடுத்தால் மாதம் 12,870, மொத்த வட்டி சுமார் 2,81,000. ஐந்து வருடம் என்றால் மாதம் 16,600, வட்டி சுமார் 1,96,000. ஷோரூமில் முதலில் காட்டுவது ஏழு வருடத் தாளைத்தான்.

அரசிடம் கேட்பது ஒன்றுதான். சாலை வரியையும் வருமான வரி மாதிரி அடுக்கு அடுக்காகக் கணக்கிடட்டும். முதல் ஐந்து லட்சத்துக்கு 12 சதவீதம், அடுத்த ஐந்துக்கு 13, அதற்கு மேல் உள்ள தொகைக்கு மட்டும் 18. பத்தரை லட்சம் வண்டிக்கு இப்போது வரி 1,89,000. இப்படிக் கணக்கிட்டால் 1,34,000. வருமானம் குறையும் என்று நிதித்துறை சொன்னால், மேல் அடுக்கின் விகிதத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளட்டும். முப்பது லட்சத்துக்கு வண்டி எடுப்பவர் அதைத் தாங்குவார். அதுவும் முடியாது என்றால், கோட்டைத் தாண்டும் இடத்தில் மட்டுமாவது ஒரு சலுகை வைக்கலாம். வருமான வரியின் புதிய முறையில் பன்னிரண்டு லட்சத்தைச் சற்றே தாண்டியவருக்கு, தாண்டிய தொகையை விட வரி அதிகமாகிவிடாமல் ஓர் ஏற்பாடு இருக்கிறது. டெல்லி யோசித்ததைச் சென்னையும் யோசிக்கலாம். பத்து லட்சம் என்பது இன்று பணக்கார வண்டியின் விலை அல்ல. ரப்பர் விற்றும், வளைகுடாவில் உழைத்தும், நகையை வைத்தும் முதல் முறையாகப் புது வண்டி எடுக்கிற குடும்பங்கள் வந்து நிற்கும் இடமே அதுதான்.

தங்களிடம் கேட்பது அதை விடச் சின்னது. அடுத்த வாகனப் பக்கத்தில் எக்ஸ் ஷோரூம் விலைக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தியைச் சேருங்கள். சாலை வரி, டி.சி.எஸ்., மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீடு மூன்றையும் கூட்டிய தொகை. விகிதங்கள் எல்லாம் அறிவித்தவைதான், ஒரு கால்குலேட்டர் போதும். சாலை வரி மாநிலம் முழுவதும் ஒன்று என்பதால் டி.என். 74 நாகர்கோவிலுக்கும், டி.என். 75 மார்த்தாண்டத்துக்கும், சென்னைக்கும் அதே அட்டவணை செல்லும். உங்கள் அலுவலகத்தில் ஆள் இல்லையென்றால் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் போட்டுத் தருவார்கள். அந்தப் பின் பெஞ்சுப் பையனையே பொறுப்பாகப் போடுகிறேன்.

இப்படிக்கு,
வணிகவியல் ஆசிரியை,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்